வக்கீல் அலுவலக ஸ்டெனோவுக்கு ஐந்து வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் ‘காலமானார்’ பகுதியில் ஐந்து வரிச் செய்தி ஒன்று வந்தது. வயது 88. இரண்டு மகள்கள், ஒரு மகன், பேரன் பேத்திகள். நடுவில், ‘தனியார் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்’ என்று ஒரு வரி. குடும்பத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்து யாரும் விளக்கமாக எழுத மாட்டார்கள். அந்தத் தனியார் அலுவலகம் சென்னை தம்புச் செட்டித் தெருவில் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகம். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுக்குமேல் அந்த அம்மாள் அங்கே ஸ்டெனோ-டைப்பிஸ்ட். அவர் பெயரை மீண்டும் அச்சில் போட நாங்கள் அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. அதே தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் ஆர்மீனியன் தெருவிலும் தொழில் செய்த வழக்கறிஞர்கள், கிளார்க்குகள், ஸ்டெனோக்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. அந்த ஒற்றை வரிக்குள் என்ன வேலை இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அந்த அம்மாள் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சு லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. சுருக்கெழுத்தில் சீனியர் என்றால் நிமிடத்துக்கு 120 சொல். சான்றிதழ் அவ்வளவுதான் சொல்லும். தேர்வில் வாசிப்பவர் கடிகாரத்தைப் பார்த்துச் சீராக வாசிப்பார். கோர்ட்டிலிருந்து ஐந்தரை மணிக்குத் திரும்பும் சீனியர் வக்கீல் அப்படிச் சொல்ல மாட்டார். நடந்துகொண்டே சொல்வார், மூன்று வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் பத்து நிமிடம் புத்தகம் புரட்டுவார், பிறகு ‘அந்த இரண்டாவது பாராவில் சொன்னதை எடுத்துவிட்டு நாலாவதில் போடு’ என்பார். அதை அப்படியே பிடித்து, இரவுக்குள் ஒழுங்கான மனுவாக்குவதுதான் வேலை.

பிட்மன் சுருக்கெழுத்து முறையில் மெல்லிய கோடு ‘ப’ என்றால் அதே கோடு தடித்தால் ‘ப’வின் அழுத்த ஓசை. பென்சில் முனை மழுங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் கூராக்கிய பென்சில்கள் நாலைந்து எப்போதும் மேசையில் இருக்கும். டிக்டேஷன் நடுவே சீவ நேரம் கிடைக்காது. கோட்டின் நீளத்தைப் பாதியாக்கினால் சொல்லின் கடைசியில் ஓர் ஓசை கூடும்: ‘அக்ரீ’ என்பது ‘அக்ரீட்’ ஆகும். வழக்கு மொழியில் இது சின்ன வித்தியாசமா? சம்மதிக்கிறார் என்றால் பேச்சு நடக்கிறது; சம்மதித்தார் என்றால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கோடு முழு நீளமா பாதி நீளமா என்பதில் ஒரு கட்சிக்காரரின் வீடு நின்றது.

வேகத்துக்காக உயிர்க்குறிகளை விட்டுவிடுவார்கள். வாக்கியத்தின் போக்கில் ஆங்கிலச் சொற்களை ஊகித்துவிடலாம். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் ஊகிக்க முடியாது. எனவே பெயர், சர்வே எண், தேதி, தொகை நான்கையும் கோட்டில் எழுதாமல் முழு எழுத்திலும் இலக்கத்திலும் எழுதுவது நல்ல ஸ்டெனோவின் வழக்கம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் காதில் ஒன்றாக விழும். ‘ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா சார்?’ என்று இடைமறித்துக் கேட்கத் தைரியம் வேண்டும். கேட்காமல் விட்டவர்கள் மறுநாள் திருத்த மனு தட்டினார்கள். குறிப்பை ஆறவிடக் கூடாது என்பது இன்னொரு பாடம். அன்றைய நோட்டை அன்றே எழுத்தாக்க வேண்டும். மூன்று நாள் கழித்தால் தன் கோடு தனக்கே புரியாது, சொன்னவருக்கும் சொன்னது நினைவிருக்காது.

தட்டச்சில் சிக்கல் வேறு மாதிரி. லீகல் தாளின் நீளம் 14 அங்குலம். மிஷினில் அங்குலத்துக்கு 6 வரி, ஆக 84 வரி. இரட்டை இடைவெளியில் 42. மேலே விடுவது, கீழே கையொப்பத்துக்கு விடுவது போகத்தான் எழுத்து. இடதுபுறம் தைப்பதற்காகத் தாராளமாக விடாவிட்டால் கட்டில் கோத்த பிறகு வரியின் முதல் சொல் தையலுக்குள் போய்விடும். கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒன்று, அலுவலகக் கட்டுக்கு ஒன்று. நகலெடுக்கும் கருவி வராத காலத்தில் இத்தனையும் கார்பன் வைத்து ஒரே தட்டில் எடுத்தவை. ஐந்தாறு தாளும் இடையிடையே கார்பனும் கோணாமல் ஏற, மேல் விளிம்பில் ஒரு தாளை மடித்துத் தொப்பிபோல் போட்டு, பிடிப்பைத் தளர்த்திச் செருகி, விளிம்பைத் தட்டிச் சமமாக்கிப் பிறகு இறுக்க வேண்டும். கடைசிப் பிரதி மங்கினால் விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கும், அதை மாற்ற வேண்டும். ‘இ’, ‘ஓ’, ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துகளின் வயிற்றில் மை அடைத்துக்கொண்டால் ஊசியால் எடுத்து பிரஷால் துலக்க வேண்டும். எழுத்துக் கம்பிகள் வரிசையாக நிற்கும் பிளவுகளில் எண்ணெய் விடவே கூடாது. அங்கே தூசி ஒட்டிப் பிசினாகி, அடித்த எழுத்து திரும்பாது. எண்ணெய், தாளைத் தாங்கி நகரும் வண்டியின் தண்டவாளத்துக்கு மட்டும், அதுவும் ஒரு சொட்டு.

தமிழ் மிஷினுக்கு வேறு விரல் பழக்கம். புள்ளிக்குரிய விசையைத் தட்டினால் வண்டி நகராது. புள்ளியை முதலில் போட்டு எழுத்தைப் பிறகு தட்ட வேண்டும். ஆங்கிலத்திலும் தமிழிலும் தேறியவருக்கே இந்தத் தெருவில் மதிப்பு இருந்தது. ஹைகோர்ட்டுக்கு ஆங்கிலம், மாவட்ட முன்சீப் கோர்ட்டுக்குப் போகும் நோட்டீசும் பிராதும் பல சமயம் தமிழ்.

அபிடவிட் என்னும் பிரமாணப் பத்திரத்தில் அழிப்பதற்கு இடமில்லை. ரப்பர் போட்டுத் தேய்த்த தாள் சந்தேகத்துக்குரிய தாள். தவறான சொல்லைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கி, பக்கத்தின் அடியில் ‘திருத்தங்கள்’ என்ற இடத்தில் எண்ணிக்கை போட வேண்டும். திருத்தமே இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டால் காகிதம் ரிட்டர்ன் ஆகும். ஆங்கிலம் தெரியாத கட்சிக்காரர் கைரேகை வைக்கும் அபிடவிட்டில், ‘தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கைரேகை வைத்தார்’ என்ற பத்தி சான்றொப்பத்தில் இருந்தாக வேண்டும். சீனியர் அதை ஒருபோதும் டிக்டேட் செய்ய மாட்டார். கட்சிக்காரர் பேனாவைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தே ஸ்டெனோ அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் குறுக்கு விசாரணையில் ‘உனக்கே தெரியாமல் எழுதியது’ என்று ஒரே கேள்வியில் அந்த ஆவணம் தொங்கிவிடும்.

சொத்து விவரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சர்வே எண் 112/2க்கும் 112/2ஏவுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறினால் வழக்கு நடக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். தீர்ப்பு வாங்கி, நிறைவேற்றக் கோர்ட் ஊழியரான அமீனா போய் நிற்கும்போதுதான் தெரியும். எழுத்துப் பிழை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவில் திருத்தலாம். ஆனால் அதற்கும் மனு, நோட்டீஸ், வாய்தா என்று மாதங்கள் ஓடும், எதிர்த்தரப்பு இது எழுத்துப் பிழையே இல்லை என்று வாதாடும். தடுக்கும் வழி ஒன்றுதான்: இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் பத்திரத்தை உரக்க வாசிக்க மற்றவர் தட்டச்சில் விரல் வைத்து ஒப்பிடுவது. தட்டியவரே தட்டியதை ஒப்பிடக் கூடாது. கண், தாளில் இருப்பதை விட்டு மனத்தில் இருப்பதைப் படிக்கும்.

வெளியாருக்குத் தெரியாத இன்னொரு பொறுப்பு நாள் கணக்கு. டைரி கிளார்க்கிடம் இருந்தாலும் பல அலுவலகங்களில் கடைசி நாளைக் கணக்கிட்டுச் சீனியரின் மேசையில் வைத்தவர் ஸ்டெனோ. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். தீர்ப்பு நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். சான்றிட்ட நகல் பெற ஆன நாட்களைக் கழிக்க வேண்டும். ஜூன் 10 தீர்ப்பு, 14 நகல் மனு, ஜூலை 2 நகல் தயார், மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 11, 12, 13 மூன்று நாள் செலவு. மீதி 27 நாள் ஜூலை 3இல் தொடங்கி 29இல் முடியும். இதுவே கணக்கு என்று டைரியில் எழுதினால் பாதிதான் சரி. நகல் கட்டணம் ஜூன் 20 கேட்கப்பட்டு, அலுவலகம் அசட்டையாக 24ஆம் தேதிதான் கட்டியிருந்தால், நடுவில் போன மூன்று நாள் நகலுக்குத் தேவையான காலம் அல்ல, உங்கள் சோம்பல் என்று நீதிமன்றம் சொல்லலாம். அப்போது கடைசி நாள் ஜூலை 26. கெட்டிக்கார ஸ்டெனோ 26 என்றுதான் எழுதுவார். நகலின் பின்புறம் உள்ள முத்திரைத் தேதிகளைப் படிக்கத் தெரியாதவர்களால் தவறிப்போன மேல்முறையீடுகளுக்குக் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு மனு போட்டு, ஏன் தாமதம் என்று விளக்கி அபிடவிட் தட்டியவரும் அதே ஸ்டெனோதான்.

தங்கள் ‘காலமானார்’ பகுதிக்கு நாற்பது ஆண்டு நிரந்தர வாசகி அந்த அம்மாள். காரணம் துக்கம் விசாரிப்பது அன்று. வழக்கில் ஒரு தரப்பு இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தமட்டில் வழக்கு அற்றுப்போகும், அதை மீட்க மேலும் 60 நாள்தான். எதிர்த்தரப்பு முதியவராக இருந்தால் அவர் போனதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால் காலை ரயிலிலேயே அந்தப் பக்கத்தை வாசித்து, பெயரும் தெருவும் பொருந்தினால் பேனாவால் சுழித்து, வெட்டிக் கட்டில் சேர்ப்பது பாரிமுனை அலுவலகங்களில் ஒரு வழக்கம். இதைப் படிக்கும் தங்கள் விளம்பரப் பிரிவினர், இறந்தவரின் தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண், தெரு இவற்றைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கினால் ஊரில் பல வழக்குகளுக்கு உபகாரம். செய்த வேலையையும் கேளுங்கள்.

இனி, சட்டம் அவரை எப்படிப் பார்த்தது என்பது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்றது. 127ஆம் பிரிவு அந்தக் கட்டுப்பாட்டை வக்கீலின் குமாஸ்தாவுக்கும் பணியாளுக்கும் நீட்டியது. வேலையை விட்ட பிறகும் அது விடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 132ஆம் பிரிவாக அது தொடர்கிறது. ஆக, வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்னும் இடத்தில் சட்டத்துக்கு ஸ்டெனோவைத் தெரியும். கூலி, விடுப்பு, ஓய்வு என்னும் இடத்தில்? 1962இல் உச்ச நீதிமன்றம், சொலிசிட்டர் என்னும் வழக்கறிஞர்களின் நிறுவனம் தொழில் தகராறுச் சட்ட அர்த்தத்தில் ‘தொழில்’ அல்ல என்றது. 1978 பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பு அந்தப் பார்வையை மாற்றினாலும், சிறு உதவியாளரை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தும் வக்கீலை வெளியே விட்டுவிட்டது. 1984இல் கேரளத்து வழக்கு ஒன்றில், வக்கீல் அலுவலகம் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்துக்குள் வராது என்றது. பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது, பத்துப் பேர் வேலை பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர். தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு கிளார்க், ஒரு ஸ்டெனோ, ஒரு பையன் இருந்தால் அது பெரிய அலுவலகம்.

பணம் எவ்வளவு என்று பார்த்தால்தான் உறைக்கும். மாதம் 15,000 ரூபாய் கடைசிச் சம்பளம், 30 ஆண்டு சேவை என்றால் பணிக்கொடைக் கணக்கு 15,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 30ஆல் பெருக்குவது: ஏறத்தாழ 2,59,615 ரூபாய். பத்துப் பேர் உள்ள எந்தக் கடையிலும் வேலை பார்த்த எழுத்தருக்குச் சட்டப்படி உரிய தொகை இது. ஸ்டெனோவுக்கு அது சீனியரின் மனத்தைப் பொறுத்தது. சிலர் தாராளமாகவே கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. சிலர் மாலையும் கைக்கடிகாரமும் கொடுத்தார்கள்.

மகப்பேறு விடுப்பும் அப்படியே. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் என்றது, 2017இல் அது 26 ஆயிற்று. கடை, நிறுவனங்களுக்கு அதுவும் பத்துப் பேர் கணக்குதான். அந்த அம்மாள் மூன்று பிரசவத்துக்கும் தன் இடத்தில் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது இடம் இருக்க வேண்டுமென்றால் சீக்கிரம் வர வேண்டும். டிக்டேஷன் மாலையில்தான் என்பதால் வீட்டுக்குப் போகும் நேரம் எட்டு, எட்டரை. பள்ளி விட்ட பிள்ளைகள் அம்மாவைப் பார்ப்பது தூங்கப் போகும் முன்புதான். கடற்கரை ரயில் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்து இறங்கி, அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகளுக்கு இடியாப்பமோ தோசையோ போட்டுவிட்டு, மறுநாள் பருப்பை ஊறவைத்துப் படுக்க வேண்டும். வீட்டில் வாடகை மிஷின் வைத்துப் பக்கக் கணக்கில் தட்டிக் கொடுத்ததும் உண்டு. பெரிய மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்து போனதாக அக்கம்பக்கத்தார் அறிவார்கள். மே மாதம் ஹைகோர்ட் விடுமுறையும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும். அதிலும் விடுமுறைக் கால அமர்வு உண்டு. அவசரத் தடை மனு கேட்டுக் கட்சிக்காரர் வந்து நின்றால் ஊருக்குப் போக எடுத்த டிக்கெட் ரத்து.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. கார்பன் போயிற்று, திருத்த எண்ணிக்கை குறைந்தது, புதிய நோய் பிடித்தது. பழைய மனுவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிப் புது மனுவாக்கும்போது பதினோராவது பத்தியில் பழைய கட்சிக்காரர் உயிரோடு இருப்பார். ஆங்கிலத்தில் ‘ஹி’யை ‘ஷி’ ஆக்கு என்று ஒட்டுமொத்தக் கட்டளை கொடுத்தால் ‘தி’ (the) என்பதன் உள்ளே இருக்கும் ‘ஹி’ (he) எழுத்துகளும் மாறி ஆவணம் முழுக்கப் பல்லிளிக்கும். ஐம்பது வயதுக்குமேல் விசைப்பலகைக்கு மாறிய ஸ்டெனோக்கள் இதில் இளையவர்களைவிடக் குறைவாகவே தவறினார்கள். அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு உரக்க வாசித்து ஒப்பிடும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை.

இப்போது தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கு ஒரு சொல். இருபது பேர் இல்லையே என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதலாளியும் பெரும்பான்மைப் பணியாளரும் சம்மதித்தால் சிறிய நிறுவனமும் வருங்கால வைப்பு நிதியில் தானாகச் சேரலாம் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1(4) பிரிவிலேயே இருந்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த வழி உண்டு. இருபது பேருக்குக் குறைவான இடத்தில் இரு தரப்பும் கட்ட வேண்டியது 10 சதவீதம். 15,000 சம்பளத்துக்கு அலுவலகத்தின் பங்கு மாதம் 1,500 ரூபாய். ஒரு வாய்தாவுக்கு ஆட்டோவும் காபியும் ஆகும் செலவை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இப்படி ஒருவர் மறைந்த வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பரணில் சுருக்கெழுத்து நோட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். எடைக்குப் போட வேண்டாம். கிறுக்கல்போல் தெரிந்தாலும் பிட்மன் தெரிந்த எவரும் வாசிக்கலாம். அவற்றில் இருப்பது கட்சிக்காரர்களின் ரகசியம். பழைய அலுவலகம் நடந்துகொண்டிருந்தால் சொல்லியனுப்புங்கள், இல்லாவிட்டால் நனைத்துக் கூழாக்கிவிடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்திய கார்பன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மனு முழுவதையும் படித்துவிடலாம் என்பதால் அதற்கும் இதே வழி. மிஷின் ஓடும் நிலையில் இருந்தால் பக்கத்துத் தட்டச்சுப் பயிலகத்தில் கேளுங்கள். தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இன்னும் அதில்தான் பழகுகிறார்கள். உருளை, ரிப்பன் மாற்றும் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பாரிமுனை வழக்கறிஞர் அலுவலகங்களில் பணியாற்றிய சிலர்,
சென்னை